அழிச்சு விட்டுட்டேன் சார்!

நம் ஊரில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் நம்பி ஏமாறும் வாக்கியங்களுக்கு ஒரு போட்டி வைத்தால், 'பக்கத்துலதான் வந்துட்டிருக்கேன்' முதல் பரிசை அடித்துவிடும். இரண்டாம் பரிசுக்கு என் ஓட்டு, 'அழிச்சு விட்டுட்டேன் சார், இனிமே வராது' என்பதற்கு.

கார் வைத்திருப்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஸ்பீடு காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், திடீரென்று ஒரு நாள் மஞ்சளாக ஒரு படம் எரியும். எஞ்சின் என்று வரைந்திருக்கிறார்கள். எனக்கு அது கைப்பிடி உடைந்த குக்கர் மாதிரிதான் தெரிகிறது. இதுதான் 'செக் எஞ்சின்' விளக்கு. அலறிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறீர்கள். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையைவிட்டு ஒரு பிளக்கைச் சொருகுகிறார். கையிலிருக்கும் ஸ்கேனரில் இரண்டு பட்டன். விளக்கு அணைகிறது. எதையோ மாற்றியதாக பில் வருகிறது. மூன்றாம் நாள் காலை, தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள், மறுபடி குக்கர்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். லட்சக்கணக்கானவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும் இந்த விளக்குக்கு யாரும் எழுதியதில்லை. ஒரே பாத்திரம், ஒரே காட்சி, வசனம் கிடையாது. இருந்தும் கிளைமாக்ஸில் தயாரிப்பாளர் முதல் அரசாங்கம் வரை எல்லோரும் வருகிறார்கள். இந்த வாரம் இதைப் பார்த்துவிடலாம்.

முன்பெல்லாம் வண்டியில் விளக்குக்குப் பதில் முள் இருந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து என்ஃபீல்டுடன் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய கதை தெரிந்திருக்கும். பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன வட்டம். அம்மீட்டர். முள் ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது, மறு பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. எவ்வளவு சாய்கிறது, எப்போது சாய்கிறது, சும்மா நடுங்குகிறதா என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். முள் பேசியது. அதைப் படிக்க வண்டிக்காரரும் கற்றுக்கொண்டார்.

விளக்கு அப்படியில்லை. எரியும் அல்லது எரியாது. 1930-களில் அமெரிக்காவில் ஹட்ஸன் கம்பெனி, ஆயில் பிரஷர் முள்ளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விளக்கை வைத்தது. இந்த ரக விளக்குகளுக்கு அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயர் 'இடியட் லைட்'. முட்டாளுக்காக வைத்த விளக்கா, விளக்கே முட்டாளா என்று பெயரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் செக் எஞ்சின் விளக்கு முட்டாள் இல்லை. அதன் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. அந்த விளக்கு முதலில் உங்களுக்காக வைத்ததே இல்லை. உங்கள் புகைக்குழாய்க்குப் பின்னால் வருகிறவருக்காக வைத்தது!

லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிஃபோர்னியா அரசுதான் 1988 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. காரே தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டு, புகை எல்லை மீறும் வாய்ப்பு இருந்தால் விளக்கேற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஓபிடி என்று பெயர். 1996-ல் அது அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி பிளக்கோடு, ஒரே மாதிரி நம்பர்களோடு ஓபிடி இரண்டு ஆனது. இந்தியாவில் கார்களுக்கு முதல் கட்டம் 2010 ஏப்ரலில், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது. பாரத் ஸ்டேஜ் ஆறு வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு டூவீலருக்கும் லாரிக்கும்கூட இந்தக் கண்காணிப்பு உண்டு. அம்மீட்டர் முள் நடுங்கிய புல்லட்டில் இன்றைக்கு இதே குக்கர் படம் இருக்கிறது.

சரி, அழித்த விளக்கு ஏன் மூன்றாம் நாள் வருகிறது? ஏன் மறு நிமிஷமே வருவதில்லை? மெக்கானிக் கெட்டிக்காரராகத் தெரிவதும் நீங்கள் ஏமாளியாவதும் இந்த இடைவெளியில்தான்.

கம்ப்யூட்டர் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுவதில்லை. பெரும்பாலான கோளாறுகளை அது ஒரு தடவை பார்த்தால் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு. இங்கே ஓட்டம் என்றால் சும்மா சாவி போட்டு எடுப்பது இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்து சூடாக வேண்டும், கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் போக வேண்டும், கொஞ்ச நேரம் நின்று உறும வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு நிபந்தனை. ஸ்கேனரில் அழிக்கும்போது, விளக்கோடு சேர்ந்து இதுவரை எழுதிய பரீட்சை மார்க் எல்லாமே அழிந்துவிடுகிறது. கார் மறுபடி முதல் பரீட்சையிலிருந்து எழுத ஆரம்பிக்கிறது. இரண்டாவது தடவை ஃபெயிலாக இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளைத்தான் நாம் 'ரிப்பேர்' என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடுகிறோம்.

நிஜமாகவே கோளாறு சரியானால், யாரும் அழிக்காமலேயே விளக்கு தானாக அணையும். தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் சுத்தமாக இருந்தால் போதும். நல்ல ரிப்பேருக்கு ரப்பர் தேவையே இல்லை.

அடுத்த பிரச்னை, கோடு. பி 0420, பி 0171 என்று ஸ்கேனர் ஒரு நம்பர் காட்டும். இது குற்றவாளியின் பெயர் என்று நினைப்பதுதான் பர்ஸைக் காலி பண்ணும் தப்பு. இது புகார் கொடுத்தவரின் பெயர். பி 0171 என்றால் எஞ்சினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்று அர்த்தம். சொன்னது ஆக்ஸிஜன் சென்ஸார். உடனே ஆக்ஸிஜன் சென்ஸாரை மாற்றினால், புகார் கொடுக்க வந்தவரை லாக்கப்பில் வைத்த கதைதான்.

ராயபுரத்து நண்பர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. பி 0171 வந்தது. சென்ஸார் மாற்றினார்கள். ஒரு வாரத்தில் வந்தது. ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். வந்தது. பெட்ரோல் பம்ப்பை மாற்றணும் என்று எஸ்டிமேட் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் டீ குடிக்க வந்த ஒரு வயசான மெக்கானிக், "கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாராம். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். காற்று போகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு. அதன் விலை அதுவரை ஆன செலவின் ஜிஎஸ்டிக்குக்கூடக் காணாது. "மிஷின் நம்பரைத்தான் தம்பி காட்டும், ஓட்டையைக் காட்டாது" என்றாராம். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

வடசென்னை வண்டிகளுக்கென்று சில தனி வியாதிகள் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று. பித்தளை கனெக்டரில் பச்சை பூக்கும், எர்த் வயரின் நட்டு துருப்பிடிக்கும். சென்ஸார் நல்லாத்தான் இருக்கும், அது சொல்வது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு, இந்த வியாதி பல மாதம் கழித்துக்கூட எட்டிப்பார்க்கும். எலிகளுக்கு வயரின் மேலுறை மேல் தனிப் பிரியம். இதெல்லாம் பார்ட்ஸ் மாற்றினால் போகாது. கழற்றிப் பார்த்து, சுத்தம் செய்து, மறுபடி மாட்ட வேண்டும். கூலி கம்மி, நேரம் அதிகம். அதனாலேயே யாரும் செய்வதில்லை.

டீசல் கார் என்றால் இன்னொன்று. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டிகளில் இருக்கிறது. பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும், கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? ஃபில்டர் அடைக்கும், விளக்கு எரியும். அந்த வண்டிக்கு மெக்கானிக்கைவிட முதலில் தேவைப்படுவது கும்மிடிப்பூண்டி பக்கம் இருபது நிமிஷ நெடுஞ்சாலை. புத்தம் புது வண்டியை வாங்கி ட்ராஃபிக்கிலேயே வைத்திருந்துவிட்டு, கம்பெனியைத் திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, மெக்கானிக்தான் வில்லன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தெருமுனை மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருக்கிறது. அந்த நம்பருக்கு அந்த மாடலில் எந்த வயரை எங்கே சோதிக்க வேண்டும் என்ற புத்தகம் அவரிடம் இல்லை. அது கார் கம்பெனியின் பீரோவில் இருக்கிறது. இது வெறும் புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் போட்டது. வழக்கம்போல அது அப்பீல், கோர்ட் என்று இழுபட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே ஓட்டுப் போட்டு, இந்தத் தகவல்களை எல்லா மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வாங்கிவிட்டார்கள். நம் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை'க்கு ஒரு போர்டல் திறந்தது. போர்டலுக்கும் பட்டறைக்கும் நடுவே இன்னும் தூரம் இருக்கிறது.

கம்பெனிகள் மேல் எனக்குள்ள பெரிய கோபம் வேறு. இன்றைக்குக் காரில் பத்து அங்குலத்துக்கு டிவி மாதிரி ஸ்க்ரீன் வைக்கிறார்கள். அதில் பாட்டு ஓடுகிறது, மேப் ஓடுகிறது, யார் போன் பண்ணுகிறார்கள் என்று போட்டோவோடு வருகிறது. எஞ்சினுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் மட்டும் 1930-களின் விளக்கு! உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு விஷயம் முழுசாகத் தெரியும். 'காற்று அதிகமாக வருகிறது, குழாய்களைப் பார்க்கவும்' என்று தமிழில் ஒரு வரி காட்ட எத்தனை செலவாகும்? தெரியாததால் அல்ல, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதால் சர்வீஸ் சென்டருக்குக் கூட்டம் வருகிறது. இந்தப் படைப்புக்கு நான் மார்க் குறைப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது கார் போகட்டும், லாரிக்கு வாருங்கள். வடசென்னையில் இந்த விளக்கின் நிஜ முகம் அங்கேதான். பாரத் ஸ்டேஜ் ஆறு லாரிகளில் டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் நீல மூடியோடு இன்னொரு டேங்க் இருக்கும். டிரைவர்கள் 'யூரியா தண்ணி' என்பார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். சூடான புகையில் இதைத் தெளித்தால், நுரையீரலை அரிக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். அருமையான வேதியியல். ஆனால் தண்ணி தீர்ந்தாலோ, தரம் கெட்டாலோ, சென்ஸார் பழுதானாலோ, விளக்கு எரிவதோடு நிற்காது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் இழுவையைக் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். முதுகில் கன்டெய்னரோடு லாரி நொண்டும். துறைமுகத்தில் கப்பல் காத்திருக்காது. டிரைவருக்கு அன்றைய படி போச்சு, முதலாளியிடம் வசவு.

அப்போது ஒருத்தர் வந்து காதில் சொல்வார்: "அண்ணே, ஒரு சின்ன டப்பா மாட்டிட்டா போதும். யூரியாவே ஊத்த வேணாம், லைட்டும் வராது." கம்ப்யூட்டரிடம் 'எல்லாம் சரி' என்று பொய் சொல்லும் டப்பா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இப்படி மாற்றக் கூடாது என்கிறது. லாரியைப் பிடித்து நிறுத்துபவர் அந்த டப்பாவைத் தேடுவாரா என்பதுதான் கேள்வி.

இது ஏதோ ஏழை டிரைவரின் தில்லுமுல்லு என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டு சூட்டு போட்டவர்கள் இதே வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்தார்கள். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகனைப் பிடித்தது. பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஒழுங்காகவும், ரோட்டில் வேறு மாதிரியும் நடக்கும் சாஃப்ட்வேர். ரோட்டில் எல்லை மீறிய புகை, டேஷ்போர்டில் விளக்கே இல்லை! நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அந்தக் கம்பெனிக்கு ரூ.500 கோடி அபராதம் விதித்தது. 2023 டிசம்பரில் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி, பிக்கப் டிரக் எஞ்சின்களில் இதே ரகக் குற்றச்சாட்டுக்காக அமெரிக்காவில் 167.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டப்பாக்காரரும் படித்த எஞ்சினீயரும் செய்தது ஒரே வேலை. அழிச்சு விட்டுட்டேன் சார்.

நம் அரசாங்கம் என்ன செய்கிறது? பெட்ரோல் பங்க் ஓரத்தில் வாங்கும் மாசு சர்டிபிகேட்டைப் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன் பார்ப்பார்கள். டீசலுக்குப் புகையின் கருமையைப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடு அந்தக் கணக்கிலேயே வராது. அதற்கும் மேலே, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்கை யாரும் தொடுவதில்லை. வண்டி தானாகவே 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதி வைத்திருக்கிறது. டாக்டர் அதைப் படிக்காமல், 'நாக்கை நீட்டு' என்று சொல்லி ஃபிட்னஸ் கொடுத்து அனுப்புகிறார். கலிஃபோர்னியாவில் 2000-க்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு அந்தப் பிளக்தான் முக்கியப் பரிசோதனை. முந்தின நாள் அழித்துவிட்டுப் போனால், 'உங்கள் கார் இன்னும் பரீட்சையே எழுதலை, எழுதிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே அதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். தெருமுனை மெக்கானிக்கிடம் இருக்கும் அதே ஸ்கேனர் போதும்.

இதனால் எனக்கென்ன என்று அண்ணாநகரிலும் அடையாறிலும் இருந்து படிப்பவர்கள் கேட்கலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். குழாய் வேறு, கார் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். எங்கேயாவது கருவி பேசாமல் போனால், அந்த வேலையை யாரோ ஒருவருடைய மூக்கு பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கார் விளக்கை நீங்கள் அழிக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏசி ஓடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. பின்னால் ஸ்கூட்டரில், முன்பக்கம் நிற்கும் பிள்ளையோடு வருகிறவருக்கு ஏசி கிடையாது.

ஆகவே, அடுத்த தடவை குக்கர் எரிந்தால் இதைச் செய்யுங்கள். விளக்கு சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எஞ்சினில் ஒழுங்காக எரியாத பெட்ரோல், விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிமிட்டாமல் நிதானமாக எரிந்தால் பதற்றம் வேண்டாம், ஆனால் மாசக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். பட்டறைக்குப் போனதும், அழிப்பதற்கு முன்னால் நம்பரை எழுதி வாங்குங்கள். ஸ்கேனரில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்று இருக்கும். கோளாறு நடந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன, எஞ்சின் எத்தனை சுற்று என்ற குறிப்பு. அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்ஸ் மாற்றச் சொன்னால், "எதை டெஸ்ட் பண்ணி இதுதான்னு முடிவு பண்ணீங்கண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். சோதித்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். பார்ட்ஸுக்கு மட்டும் காசு கொடுத்து, மூளைக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் அவரும் பார்ட்ஸைத்தான் மாற்றுவார்.

"சாயங்காலத்துக்குள்ள லைட் போகணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டது கிடைத்துவிடும்.